பட்டுக்கு ஒத்துக்கொண்ட தண்ணீர்

வீட்டை விற்க வேண்டுமென்றால் முதலில் ஒட்டடை அடிக்க வேண்டும். சுண்ணாம்பு அடிப்பது அதற்குப் பிறகுதான். பலர் அவசரப்பட்டு ஒட்டடையின் மேலேயே வெள்ளையடித்துவிடுகிறார்கள். அது காய்ந்து, பாம்புச் சட்டை மாதிரி மூலையில் தொங்கிக்கொண்டு, வாங்க வந்தவரைப் பார்த்து ஆடும். நான் அந்தத் தவறைச் செய்யவில்லை.

ஐயா, நீங்கள் கேட்டது கிணற்றைப் பற்றி என்பது தெரியும். தெருக் கிணறுகளுக்கு பிளீச்சிங் பவுடர் போட வந்த நகராட்சி சுகாதார ஆய்வாளர் நீங்கள். வாளியில் வந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, வெயிலில் தூக்கிப் பார்த்து, எத்தனை வருஷமாக இந்த நிறம் என்று கேட்டீர்கள். தெருவில் நின்றிருந்த பதினைந்து பேரும் வேறு வேறு திசையைப் பார்த்தார்கள். நான் எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால், ஒட்டடையைத் தாண்டித்தான் கிணற்றுக்கு வர முடிகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீடு 1981 வரை எங்களுடையது. அப்பா சக்கரவர்த்தி பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். தோட்டத்தில் இரண்டு செப்பு அண்டாக்கள், அடுப்பு, கழி என்கிற நூல் கட்டுகளைக் காயப்போட மூங்கில்கள். சாயம் நூலை விட்டுப் போகாமலிருக்க ஆரஞ்சு நிறத்தில் ஒரு உப்புக் கல் சேர்ப்பார். வேலை முடிந்ததும் அண்டாவில் மிஞ்சியதைத் தோட்டத்துக் குழியில் கவிழ்ப்பார். பதினான்கு வருஷம் கவிழ்த்தார். குழியிலிருந்து கிணறு எட்டு அடி. ஆரணியில் சாக்கடை ஒரு நாள் சிவப்பாக ஓடும், மறுநாள் பச்சையாக ஓடும். யாரும் நின்று பார்ப்பதில்லை. மண்ணுக்குள் என்ன நிறம் ஓடுகிறது என்று பார்க்க யாருக்கு நேரம் இருக்கும்?

கிணற்றுத் தண்ணீர் லேசாக மஞ்சளானபோது அம்மா குடிப்பதற்கு மட்டும் தெருக் குழாயில் பிடிக்க ஆரம்பித்தாள். பிறகு சமையலுக்கும். யாரும் முடிவெடுத்து அறிவிக்கவில்லை. பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான் நடந்தது.

நான் வேதியியல் படித்தேன். இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், வேடிக்கைக்காகத்தான், வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஹார்லிக்ஸ் பாட்டிலில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆய்வகத்தில் அதில் ஈய உப்புக் கரைசலை நாலு சொட்டு விட்டேன். மஞ்சளாக, தடிப்பாக, அடியில் படிந்தது. குரோமியம், அப்பாவின் ஆரஞ்சுக் கல்லில் இருப்பது. சோதனைப் பதிவேட்டில் எழுத மாதிரி கிடைத்ததே என்று முதலில் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்றே நூலகத்தில் உட்கார்ந்து அது குடல், ஈரல், சிறுநீரகம் மூன்றையும் என்ன செய்யும் என்று படித்தேன். சின்ன உடம்பாக இருந்தால் சீக்கிரம் செய்யும் என்றும் படித்தேன்.

அதற்குள் அப்பாவால் வேலை செய்ய முடியாமல் போயிருந்தது. கை விரல்களில், நக இடுக்கில், சின்னச் சின்னப் பொத்தல்கள். மருந்து போட்டாலும் மூடாது. வலிக்காது என்பதால் அவர் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. அக்கா சாவித்திரியைக் கலசப்பாக்கத்தில் பேசி முடித்திருந்தோம், வைகாசியில் கல்யாணம். வீட்டை விற்றால்தான் கல்யாணம் என்பது வீட்டில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கு வயது இருபத்தெட்டு. அதற்கு முன் வந்த நான்கு வரன்கள் திரும்பிப் போயிருந்தன. ஐந்தாவதும் திரும்பினால் அவள் என்ன செய்வாள் என்பதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. ஆனால் அம்மா கயிற்றுக் கட்டில் பின்னியதில் மிஞ்சிய கயிற்றைப் பரணிலிருந்து எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்தாள்.

பாட்டிலில் படிந்ததை அப்பாவிடம் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

“அதான் நாம குடிக்கறது இல்லையே” என்றார்.

“வாங்கறவங்க குடிப்பாங்களேப்பா.”

“அவங்க வாயில நாமளா ஊத்தப் போறோம்?”

பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன். அவர் கேட்டதற்குப் பதில் பிற்பாடு யோசித்தபோது கிடைத்தது. அப்போது தோன்றவில்லை, அல்லது தோன்றுவதற்கு நான் இடம் கொடுக்கவில்லை.

வீட்டுத் தரகர் தங்கவேலு எனக்குப் பாடம் நடத்தினார். வீடும் கல்யாணப் பெண்ணும் ஒன்று என்பது அவர் கொள்கை. “பாக்க வர்றவன் மொதல்ல மூஞ்சியப் பாப்பான் தம்பி. அப்பறம் நடக்கச் சொல்லுவான். குடும்பம் எப்படின்னு கடசீலதான் கேப்பான். அதுக்குள்ள காபியக் குடுத்துடணும்” என்றார். அந்த வருஷம் எங்கள் வீட்டில் இரண்டு பெண் பார்க்கும் படலம் நடந்தது. அக்காவின் முகத்துக்குப் பவுடர், வீட்டின் முகத்துக்குச் சுண்ணாம்பு. சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்தால் வெள்ளை எடுப்பாக இருக்கும். நிலைப்படிக்கு மஞ்சள் பூசினோம். அண்டாக்களை விற்றுவிட்டு, தோட்டத்துச் சாயக் குழியை மண்ணால் மூடிச் சாணி போட்டு மெழுகி, மேலே கோலம் போட்டோம். ஓடு மாற்றினேன். கரையான் அரித்த சட்டத்தில் கரையானைத் தட்டிவிட்டு மண்ணெண்ணெய் அடித்தேன். அது நேர்மையான வேலை. சட்டம் இன்றைக்கும் நிற்கிறது.

பிறகு கிணறு.

டீசல் என்ஜின் வாடகைக்கு எடுத்து நாலு நாள் இறைத்தேன். பட்டப்பகலில்தான். மஞ்சள் தண்ணீர் தெருவோடு ஓடியது. சாயம் கழுவுகிறார்கள் என்று எல்லாரும் தாண்டிப் போனார்கள். இறைத்து முடித்தபின் ஊறுகிற முதல் ஊற்று ஒரு வாரம் தெளிவாக இருக்கும். அதில் படிகாரம் சுற்றினால் இன்னும் தெளியும். தெளிவு வேறு, சுத்தம் வேறு என்பது எனக்குத் தெரியும். தேர்வில் அதற்கு எனக்குப் பத்துக்கு ஒன்பது போட்டிருந்தார்கள்.

புதுக் கயிறு, எண்ணெய் போட்ட ராட்டினம். கைப்பிடிச் சுவரில் காவிப் பட்டை. அம்மாவின் குழாய்த் தண்ணீர்க் குடங்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, போர்வை தொங்கவிட்டேன். கிணறு இருக்கிற வீட்டில் அவற்றுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்டுவிடக்கூடாது. வாங்க வருகிற அன்று காலையில் ஏரியிலிருந்து இரண்டு கெண்டை மீன் கொண்டு வந்து கிணற்றில் விடுவேன். மீன் நீந்துகிற தண்ணீரை யாரும் சந்தேகிப்பதில்லை. மூன்றாம் நாள் அவை மல்லாந்து மிதக்கும். வாளியில் எடுத்துக் குழி தோண்டிப் புதைப்பேன். அந்த மாதம் நாலு மீன்கள் ஆயின. பூனைக்குப் போடவில்லை. பூனை மேல் எனக்கு அவ்வளவு அக்கறை இருந்தது.

அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துக் கைகளின் மேல் சால்வை போர்த்தினேன். சித்திரை மாதம். அய்யாவுக்கு லேசாகக் காய்ச்சல் என்று தங்கவேலு எல்லாரிடமும் சொன்னார்.

முதலில் பெரணமல்லூரிலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். தனி ஆள், சர்க்கரை நோயாளி, வயது எழுபது. சுவரை விரலால் தட்டி ஒவ்வொரு அறைக்கும் மதிப்பெண் போடுவது போல முகத்தை வைத்துக்கொண்டார். வாசல் தெற்கு பார்த்திருக்கிறது, எமன் திசை என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குக் கொடுத்திருந்தால் இந்தக் கடிதமே இருந்திருக்காது என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அது என் தவறு அல்ல. வாசலை என்னால் திருப்ப முடியாது.

இரண்டாவதாக வந்தவர் தசரதன், தேசூர்க்காரர், பட்டுத் தறி ஓட்டுகிறவர். ஆரணியிலேயே இருந்தால் முதலாளி வீட்டுக்கு நூலுக்கும் சேலைக்கும் அலைய வேண்டாம் என்று வந்தார். கூட மனைவி ரேணுகாம்பாள், மூன்றரை வயதுப் பெண் தனகோடி. அந்தக் குழந்தை வந்ததும் கிணற்றுச் சுவரைப் பிடித்து எக்கி, மீனைப் பார்த்தது. அதற்குப் பிறகு வீட்டின் மற்ற பாகங்களை அது பார்க்கவேயில்லை.

ரேணுகாம்பாளும் அப்படித்தான். கூடத்தையும் அடுப்படியையும் ஒப்புக்குப் பார்த்துவிட்டுக் கிணற்றடிக்கே வந்து நின்றாள். “ஊர்ல ரெண்டு கொடம் தண்ணிக்கு ஏரிக்கரை வரிக்கும் நடக்கறேன் தம்பி. இடுப்புல இதுவும் தொங்கிகினு வரும்” என்று குழந்தையைக் காட்டினாள். “வாசப்படி தாண்டாம தண்ணி. இதுக்கு மேல இன்னா வோணும் எனக்கு?”

ஐந்து வாளி தண்ணீரை இறைத்துக் காட்டினேன். தெளிவாக இருந்தது.

ஆனால் தசரதன் சாதாரண ஆள் இல்லை. கண்ணால் பார்ப்பதை நம்பமாட்டேன் என்றார். மடியிலிருந்து ஒரு கழி வெண்பட்டு நூலை எடுத்தார். தறிக்காரர்கள் நூலுக்குத் தண்ணீர் பார்ப்பது எனக்குத் தெரியும். வீட்டுக்கும் அப்படிப் பார்ப்பவரை அன்றுதான் பார்த்தேன். நூலை வாளியில் நனைத்தார், பிழிந்தார், கொடியில் போட்டார். அது காய்கிற வரை மடித்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். தங்கவேலு இரண்டு முறை காபி கொடுத்தும் எழுந்திருக்கவில்லை. காய்ந்ததும் நூலை முறுக்கிக் காதோடு வைத்து அழுத்தினார். புது வெற்றிலையை மடிப்பது போல ஒரு சத்தம் வந்தது. எனக்கே கேட்டது.

அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. “எங்க ஊர்த் தண்ணிக்கு இந்த சத்தம் வராது தம்பி” என்றார். “மனுசன் பொய் சொல்லுவான். பட்டு சொல்லாது. பட்டுக்கு ஒத்துக்கிற தண்ணி புள்ளைக்கு ஒத்துக்காதா?”

ஐயா, நான் சாயக்காரர் மகன். அமிலம் பட்டால் பட்டு அப்படித்தான் சத்தம் போடும். நூலுக்கு அந்தச் சத்தம் வர வேண்டும் என்றுதான் அப்பா கடைசி அலசலில் அமிலம் ஊற்றுவார். பதினான்கு வருஷ அமிலமும் அந்தக் கிணற்றில்தான் இருந்தது. தசரதன் காதில் கேட்டது அதுதான். ஒரு வாக்கியம் போதும், அவர் கழியை மடியில் செருகிக்கொண்டு போயிருப்பார்.

கூடத்திலிருந்து அக்கா எல்லாருக்கும் வெற்றிலைத் தட்டு கொண்டு வந்து வைத்தாள். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“ஒத்துக்கும்ண்ணா” என்றேன்.

பத்திரம் பதிவான அன்று எதிர்வீட்டு இராஜமாணிக்கம் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கொழந்தக் குட்டிக்காரன் ஆச்சேடா என்றார். சரி, நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன். “எனக்கு இன்னாத்துக்கு அந்த பேஜாரு? நாளிக்கி நானும் என் வூட்ட விக்கணும் இல்ல” என்றார். தெருவில் பதினைந்து வீடு. பதினைந்து பேருக்கும் நாளைக்கு விற்க வேண்டியிருந்தது. தேசூரிலிருந்து வந்தவர்களுக்கு யார் சொல்வார்கள்?

வைகாசியில் அக்கா கல்யாணம் நன்றாக நடந்தது. இப்போது அவளுக்கு ஒரு பையன். கலசப்பாக்கத்தில் தண்ணீர் நல்ல தண்ணீர்.

நாங்கள் இரண்டு தெரு தள்ளி வாடகைக்குப் போனோம். தசரதன் வீட்டில் பால் காய்ச்சிக் குடிவந்த அன்று நான் ஒரு பித்தளைக் குடம் வாங்கிப் போனேன். ரேணுகாம்பாள் அலுமினியக் குடம் வைத்திருந்தாள். அதில் தண்ணீரின் நிறம் தெரியும். “பித்தளையில வெச்சா குளுகுளுன்னு இருக்கும்க்கா” என்றேன். பித்தளையில் எந்தத் தண்ணீரும் கொஞ்சம் மஞ்சளாகத்தான் தெரியும். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்தவன்கூட ஒன்றும் வாங்கிக்கொண்டு வரவில்லை என்றாள். அன்றிலிருந்து அந்தக் குழந்தை என்னை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தது.

வாரம் ஒரு முறை போய்ப் பார்ப்பேன். ஏன் போனேன் என்று நீங்கள் கேட்கலாம். பொறுப்புள்ளவன் போய்ப் பார்க்காமல் இருப்பானா? ஆறு மாதத்தில் குழந்தைக்கு வாந்தி வந்தது. காலில் புண், ஆறாமல். மண்ணில் விளையாடுகிறாள், அதனால்தான் என்றார் தசரதன். தண்ணீர் மஞ்சளாகிவிட்டது என்று ரேணுகாம்பாள் ஒரு முறை கேட்டாள். கோடையில் ஊற்று அடியில் போனால் மண் நிறம் வரும் என்றேன். படித்த பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும் என்று அவள் திரும்பிப் போனாள்.

போகும்போதெல்லாம் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டுவாள். வேண்டாம் என்பேன். ஒரு நாள் சொம்பைக் கீழே வைக்காமல் நின்றாள்.

“எங்க வூட்டுத் தண்ணி உனக்கு ஆவாதா தம்பி? சொல்லிடு. நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம்.”

அவள் வேறொன்றை நினைத்துக் கேட்டாள். நினைப்பதற்கு அவளுக்குக் காரணம் இருந்தது. வேறு வேறு வீடுகளில் அவளுக்கு நடந்திருக்கும். அந்தப் பழி என் மேல் விழுவதை என்னால் தாங்க முடியவில்லை. வாங்கி முழுச் சொம்பும் குடித்தேன். குழந்தை என் மடியில் உட்கார்ந்து, நான் குடிப்பதைப் பார்த்துச் சிரித்தது. நானும் அந்தத் தண்ணீரைக் குடித்தவன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தெருமுனை திரும்பியதும் விரலை விட்டு வாந்தி எடுத்தேன்.

போன வருஷம் ஐப்பசியில் தனகோடிக்கு முகம் வீங்கியது. டாக்டர் ஒருவர், வாந்தி நிற்கும் வரை தண்ணீரைக் கொதிக்க வைத்து நிறையக் கொடுங்கள் என்றாராம். நியாயமான யோசனைதான், எந்தத் தண்ணீர் என்று அவருக்குத் தெரியாது. ரேணுகாம்பாள் அடுப்பை அணைக்காமல் கொதிக்க வைத்தாள், வடிகட்டினாள், ஆற்றினாள், மணிக்கொரு முறை ஊட்டினாள். கொதிக்க வைத்தால் உப்பு போகாது. தண்ணீர்தான் போகும், மிச்சம் இன்னும் கெட்டியாகும். பத்தாம் வகுப்புப் பாடம். நான் அந்த அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஊதாங்குழல் எடுத்துக் கொடுத்தேன். குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டது. “மாமா சொல்றாரு பாரு, குடிச்சிடு கண்ணு” என்றாள் அவள். குழந்தை என்னைப் பார்த்தது.

“குடிம்மா” என்றேன்.

கார்த்திகை நாலாம் தேதி வேலூரில் இறந்தாள். சிறுநீரகம் என்று சொன்னார்கள். ஐந்து வயது முடிந்திருந்தது. தூக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். கனமே இல்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். யோசித்தேன். உண்மையைச் சொல்வது என்றால், உன் பிள்ளைக்கு நீ ஊட்டியது என்ன என்று அந்தத் தாயிடம் சொல்ல வேண்டும். அவள் கையை அவளே பார்க்கும்படி செய்ய வேண்டும். அந்தக் கொடுமையைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவளைக் காப்பாற்றுவதற்காகத்தான் நான் பேசாமலிருந்தேன். இதில் எனக்கும் ஒரு சௌகரியம் இருந்தது என்பதை மறுக்கவில்லை.

வீடு ராசியில்லை என்று தசரதன் முடிவு கட்டினார். விற்றுவிட்டுத் தேசூருக்கே போகிறோம் என்றார். மார்கழிக் கடைசியில் என்னைத் தேடி வந்தார். முகச்சவரம் செய்து பத்து நாளாகியிருக்கும். “நீ வித்தப்ப வூடு எப்டி இருந்துச்சு தம்பி. கண்ணாடி மாதிரி. அந்த மாதிரி பண்ணிக் குடு. எங்களுக்கு கையும் ஓடல, காலும் ஓடல” என்றார்.

எப்படி மறுப்பேன்? அவர்களுக்கு நான் செய்யக்கூடிய உதவி அது ஒன்றுதான். ஒட்டடை அடித்து, சுண்ணாம்பில் நீலம் கலந்து, என்ஜின் கொண்டு வந்து நாலு நாள் இறைத்தேன். குழந்தையின் கைத்தடம் இருந்த சுவரை மட்டும் ரேணுகாம்பாள் விடவில்லை. அதற்கு முன்னால் பீரோவை நகர்த்தி வைத்தேன். ஒரு பைசா வாங்கவில்லை. டீசல்கூட என் செலவு. டுடோரியலில் வேதியியல் நடத்தி வந்த சம்பளம். மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

தை பிறந்ததும் தங்கவேலு ஒரு இளம் தம்பதியைக் கூட்டி வந்தார். துரை, மோட்டார் மெக்கானிக், கல்யாணமாகி ஒரு வருஷம். இப்போது அந்த வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான். உங்களுக்கு டம்ளர் கொடுத்தது அந்தப் பெண்தான்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, ஐயா. இந்த முறை ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தேன். தசரதனுக்குத் தெரியாமல் அந்த இரண்டு பேரையும் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் சின்னப் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். இருந்தால் எதையாவது சொல்லித் தடுத்திருப்பேன். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. இல்லை என்றார்கள். அந்தப் பெண் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே முந்தானையை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆறு மாதம் இருக்கும்.

நான் கேட்டது பிறந்த பிள்ளைகளைப் பற்றி. அந்தக் கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் சரிதான்.